விசில் இல்லாத குக்கரில் வீட்டுச் சமையல்: பொன்னி சாதத்திலிருந்து மல்லாட்டை (வேர்க்கடலை) வரை

பாண்டியிலும் கடலூரிலும் மின்சார பிரஷர் குக்கர் இல்லாத தெரு இப்போது குறைவு. பிரான்ஸிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா கொண்டுவந்தது, ஆடித் தள்ளுபடியில் வாங்கியது, கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது என்று ஏதோ ஒரு வழியில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. வந்த வேகத்தில் பரணுக்கும் போய்விடுகிறது. முதல் நாள் சாதம் களியாகியிருக்கும், அடுத்த நாள் சாம்பார் அடிப்பிடித்திருக்கும். "நம்ம சமையலுக்கு இது ஒத்துவராது" என்று அதோடு முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் இது நம் சமையலுக்கு மிகவும் ஏற்ற கருவி. அரிசி, பருப்பு, கடலை, கறி, கிழங்கு என்று நாம் அன்றாடம் செய்வதில் பெரும்பகுதி வேகவைக்கிற வேலைதானே. விசிலை எண்ணும் கையை நிமிடக் கணக்குக்குப் பழக்கிவிட்டால், பொங்குகிறதா தீய்கிறதா என்று அடுப்படியில் காத்து நிற்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை இங்கே எழுதியிருக்கிறேன்.

பிளக்கில் சொருகுவதற்கு முன்

வெளிநாட்டிலிருந்து வந்த குக்கர் என்றால் முதலில் அதைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் நம் ஊர் மின்சாரத்துக்குச் சரி. பிரான்ஸில் விற்பவை அப்படித்தான் இருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட்டாக இருக்கும். அதை நம் பிளக் பாயின்ட்டில் நேரடியாகச் சொருகினால் அந்த நிமிடமே எரிந்துபோகும்.

பிரெஞ்சு பிளக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் இரண்டு உருண்டைக் கம்பிகளும் நம் சாக்கெட்டில் எப்படியோ நுழைந்துவிடும், குக்கரும் வேலை செய்யும். ஆனால் எர்த் இணைப்பு கிடைத்திருக்காது. தண்ணீரும் ஆவியும் புழங்குகிற கருவிக்கு எர்த் இல்லாமல் இருப்பது ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று கம்பி பிளக்காக மாற்றிக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் சொருக வேண்டாம், சுவர் சாக்கெட்டிலேயே போடுங்கள். ஆறு லிட்டர் குக்கர் பொதுவாக 1000 வாட் இழுக்கும், மூன்று லிட்டர் 700 வாட். இரண்டு மூன்று பேருக்கு மூன்று லிட்டர் போதும். நான்கு பேருக்கு மேல் என்றால் ஆறு லிட்டர்.

வைக்கும் இடமும் முக்கியம். மேலே ஷெல்ஃபோ மரப்பலகையோ இருக்கக் கூடாது. ஆவி நேராக மேலே அடிக்கும். நாளடைவில் பலகை ஊறி உப்பிவிடும்.

உள்ளே நடப்பது என்ன

அடுப்புக் குக்கரில் அழுத்தம் அளவைத் தாண்டும்போது வெயிட்டைத் தூக்கிக்கொண்டு ஆவி வெளியேறுகிறது. அந்தச் சத்தத்தைத்தான் எண்ணுகிறோம். மின்சாரக் குக்கரில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் உள்ளே இருக்கும் சென்சார் கவனிக்கிறது. அளவு வந்ததும் ஹீட்டர் தானே அணைந்துவிடும், குறைந்தால் மறுபடி எரியும். ஆவி வெளியே போக வேண்டிய தேவையே இல்லை, அதனால் விசிலும் இல்லை.

இதிலிருந்து சமையலுக்கு இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, தண்ணீர் வீணாவதில்லை. அடுப்பில் ஊற்றும் அதே அளவு தண்ணீரை இதில் ஊற்றினால் குழம்பு நீர்த்துப்போகும், சாதம் குழையும். இரண்டு, அடுப்புக் குக்கர் சுமார் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸில் வேலை செய்கிறது. மின்சாரக் குக்கர்களில் பெரும்பாலானவை 10 முதல் 12 பி.எஸ்.ஐ.தான், அதாவது 115 முதல் 118 டிகிரி வரை. ஆகவே அடுப்பில் ஆவதைவிடச் சில நிமிடம் கூட வேண்டும்.

லாஸ்பேட்டையில் இருக்கும் என் அத்தை கேட்ட முதல் கேள்வியே, "இதுல எத்தன விசிலுக்கு எத்தன நிமிஷம்டா?" என்பதுதான். விசிலுக்கு இத்தனை நிமிடம் என்று நேர்க்கணக்குப் போட முடியாது. தீ எவ்வளவு, குக்கர் எவ்வளவு பெரியது, உள்ளே எவ்வளவு தண்ணீர் என்பதைப் பொறுத்து விசில் முந்தும், பிந்தும். பொருளுக்குத்தான் நிமிடம். துவரம்பருப்புக்குப் பத்து நிமிடம் என்றால், குக்கர் மூன்று லிட்டரானாலும் ஆறு லிட்டரானாலும், பருப்பு அரை கப் ஆனாலும் ஒன்றரை கப் ஆனாலும் அதே பத்து நிமிடம்தான். அளவு கூடினால் அழுத்தம் ஏறும் நேரம் மட்டும் கூடும்.

திரையில் நீங்கள் வைக்கும் நிமிடம் அழுத்தம் ஏறிய பிறகுதான் ஓடத் தொடங்கும். அதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் சூடேறும், முடிந்தபின் ஆவி அடங்கப் பத்து நிமிடமாவது ஆகும். பத்து நிமிடச் சாதத்துக்கு மொத்தம் முப்பத்தைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வெறும் தண்ணீர் மட்டும்

முதல் தடவையே பருப்பைப் போடாதீர்கள். வெறும் தண்ணீரில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் பயமும் போகும், குக்கரில் குறை இருந்தால் அதுவும் தெரியும்.

1. உள்பாத்திரம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பேச்சு மும்முரத்தில் உள்பாத்திரத்தை எடுத்துக் கழுவ வைத்துவிட்டு, அரிசியையும் தண்ணீரையும் நேராக ஹீட்டர் மேலேயே கொட்டிவிடுவது பல வீடுகளில் நடக்கிற விபத்து. அதற்குப் பின் குக்கரைக் கடைக்குத்தான் தூக்க வேண்டும்.
2. உள்பாத்திரத்தின் வெளிப்புறத்தையும் அடிப்பக்கத்தையும் ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள்.
3. ஆறு லிட்டருக்கு ஒன்றரை கப், மூன்று லிட்டருக்கு ஒரு கப் தண்ணீர் ஊற்றுங்கள். எந்தச் சமையலானாலும் இதுதான் குறைந்தபட்சத் தண்ணீர். இதற்குக் கீழே போனால் அழுத்தம் ஏறாது.
4. மூடியைத் திருப்பி உள்ளே பாருங்கள். கேஸ்கட் வளையம் சுற்றிலும் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.
5. மூடிப் பூட்டி, ஆவிக் குமிழை 'சீலிங்' (ஆவி அடைபடும்) பக்கம் திருப்புங்கள். அந்தக் குமிழ் லேசாக ஆடும். உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், பல மாடல்களில் அது அப்படித்தான்.
6. 'பிரஷர் குக்' அழுத்தி ஐந்து நிமிடம் வையுங்கள்.

சற்று நேரத்தில் மூடியிலுள்ள சின்ன உலோக ஊசி வழியாகக் கொஞ்சம் ஆவி கசியும். பிறகு ஊசி 'டக்' என்று மேலே ஏறி நிற்கும், கசிவும் நின்றுவிடும். இனிமேல் மூடி திறக்காது. ஊசி கீழே இறங்கும்வரை யாரும் பலவந்தமாகத் திறக்கக் கூடாது, குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள். இருபது நிமிடமாகியும் ஊசி ஏறாமல் ஓரங்களில் ஆவி வந்துகொண்டே இருந்தால், கேஸ்கட் சரியாக உட்காரவில்லை அல்லது குமிழ் 'வென்ட்' (ஆவி வெளியேறும்) பக்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆவியை விடுவது

நேரம் முடிந்ததும் ஒன்றும் செய்யாமல் விட்டால் ஊசி தானாக இறங்கும். அரிசி, பருப்பு, பொங்கல், கடலை, ஆட்டுக்கறி எல்லாவற்றுக்கும் இதுதான் முறை. பருப்புக் குக்கரில் குமிழை உடனே திருப்பினால் மஞ்சள் நுரை மூடி வழியாகச் சுவர்வரை தெறிக்கும். கையிலோ முகத்திலோ பட்டால் வெந்துபோகும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்தால் உள்சூட்டிலேயே பருப்பு இன்னும் பதமாக மலரும். காத்திருக்கிற அந்த நேரத்தையும் சமையல் நேரமாகவே எண்ணுங்கள்.

முருங்கைக்காய், முட்டை, உருளைக்கிழங்கு, கோழி போன்றவற்றுக்கு ஆவியை உடனே விடலாம். அடக்கி வைத்தால் காய் குழைந்துவிடும். குமிழை வெறுங்கையால் தொடாமல் நீளக் கரண்டிக் காம்பால் தள்ளுங்கள், முகத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது: பத்து நிமிடம் அப்படியே விட்டு, மிச்ச ஆவியை மட்டும் திறந்துவிடுவது. சாதத்துக்கு நான் செய்வது அதுதான்.

எதைச் செய்தாலும் உள்பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பொங்கி நுரைக்கிற பருப்பு, அரிசி, கடலை வகைகளுக்குப் பாதியோடு நிறுத்துங்கள்.

சாதம்

குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லிதான் பிடிக்கும். நம் வீட்டு கப் 240 மில்லி. எதில் அரிசியை அளந்தீர்களோ அதிலேயே தண்ணீரையும் அளந்தால் குழப்பமே வராது.

பொன்னி புழுங்கலரிசிக்கு: அரை மணி ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர், பத்து நிமிடம், பிறகு பத்து நிமிடக் காத்திருப்பு. இன்னும் குழைவாக வேண்டும், வீட்டில் பல் இல்லாத பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால் மூன்று பங்கு தண்ணீர், பன்னிரண்டு நிமிடம். பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு, ஐந்து நிமிடம். பிரிஞ்சி, தக்காளி சாதத்துக்குச் சீரகச் சம்பாவை இருபது நிமிடம் ஊறவைத்து, ஒன்றுக்கு ஒன்றரை, ஐந்து நிமிடம். கைக்குத்தல் அரிசி பிடிவாதக்காரன். ஒரு மணி ஊறவைத்தாலும் இருபது நிமிடம் கேட்கும்.

புது அரிசிக்குக் கால் பங்கு தண்ணீரைக் குறையுங்கள், பழைய அரிசிக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். மூட்டை மாறும்போதெல்லாம் முதல் தடவை கவனித்துச் செய்தால் அடுத்த மூட்டைவரை கவலையில்லை. கஞ்சி வடித்த உதிரிச் சாதம்தான் வேண்டும் என்பவர்களுக்கு உலைப்பானைதான் சரி. இந்தக் குக்கரில் அந்தப் பதம் வராது.

பருப்பும் சாம்பாரும்

இந்தக் குக்கரைப் பற்றி வருகிற புகாரில் பெரும்பகுதி பருப்பு வேகவில்லை என்பதுதான். குக்கர்மேல் தவறில்லை. காரணம் பெரும்பாலும் தண்ணீர், இல்லாவிட்டால் புளிப்பு.

பருப்பின் செல்சுவர்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். சூட்டில் அது கரைந்தால்தான் பருப்பு மலரும். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். புளி, தக்காளி, மாங்காய் இவற்றின் புளிப்பிலும் பெக்டின் லேசில் கரையாது. பாண்டியிலும் கடலூரிலும் கடலை ஒட்டிய பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்புத்தன்மையோடும் கடினமாகவும் இருக்கிறது. தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிகிறதா? அப்படியானால் பருப்புக்கு மட்டும் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றிப் பாருங்கள். அதே பருப்பு, அதே நிமிடம், பதம் மட்டும் மாறியிருக்கும்.

செய்முறை இது. ஒரு கப் துவரம்பருப்பைக் கழுவி, மூன்று கப் தண்ணீர், மஞ்சள்தூள், பெருங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு சின்னக் கரண்டி எண்ணெய். எண்ணெய் நுரையை அடக்கும், அதனால் விட்டுவிடாதீர்கள். ஊறவைக்காத பருப்புக்குப் பத்து நிமிடம், அரை மணி ஊறியதற்கு ஏழு எட்டு நிமிடம். ஊசி தானாக இறங்கட்டும்.

திறந்து, மத்தால் ஒரு தடவை கடையுங்கள். 'சாட்டே' (வதக்கும்) பட்டனை அழுத்தி முள்ளங்கி, கத்தரிக்காய், முருங்கைக்காய் எது இருக்கிறதோ அதை உப்பு, சாம்பார்ப்பொடி, ஒரு கப் தண்ணீரோடு சேர்த்து மூடாமல் கொதிக்கவிடுங்கள். காய் முக்கால் வெந்த பிறகுதான் புளிக்கரைசல். ஐந்து நிமிடம் கொதித்துப் புளியின் பச்சை வாசம் போனதும் அணைத்து, தனிக் கரண்டியில் தாளித்துக் கொட்டுங்கள். காயையும் பருப்போடு போட்டுப் பத்து நிமிடம் அழுத்தத்தில் வைத்தால் கத்தரிக்காய் இருந்த இடமே தெரியாது. நேரம் மிச்சம் என்று அப்படிச் செய்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒரே ஓட்டத்தில் சாதமும் பருப்பும்

வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் குக்கரின் பெரிய உபகாரம் இதுதான். பொன்னி அரிசிக்கும் துவரம்பருப்புக்கும் நிமிடம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாக அடுக்கிவிடலாம்.

உள்பாத்திரத்தில் ஒன்றரை கப் தண்ணீர் ஊற்றி, குக்கரோடு வந்த கம்பி ஸ்டாண்டை வையுங்கள். அதன்மேல் ஒரு எவர்சில்வர் அடுக்கில் முக்கால் கப் பருப்பும் இரண்டேகால் கப் தண்ணீரும். அதற்கு ஒரு தட்டு மூடி, மேலே இன்னொரு அடுக்கில் ஊறிய அரிசி ஒரு கப், தண்ணீர் இரண்டரை கப். பருப்பு கீழேதான் இருக்க வேண்டும். மேலே வைத்தால் பொங்கும் மஞ்சள் தண்ணீர் சாதத்தில் இறங்கிவிடும். எந்த அடுக்கையும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி இருந்தால்தான் ஆவி நன்றாகச் சுற்றும், எடுக்கும்போது இடுக்கியும் நுழையும். பன்னிரண்டு நிமிடம், பிறகு பதினைந்து நிமிடக் காத்திருப்பு.

மேல் அடுக்கின் ஓரத்தில் இரண்டு முட்டையையோ உருளைக்கிழங்கையோ வைக்கலாமா என்று கேட்பார்கள். உருளைக்கிழங்கு வைக்கலாம். முட்டைக்கு ஐந்து நிமிடமே போதும் என்பதால் இதில் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

பலாக்கொட்டை முருங்கைக்காய்க் காரக்குழம்பு

பண்ருட்டிப் பலா வரத்து தொடங்கினால் ஒவ்வொரு வீட்டிலும் முறத்தில் பலாக்கொட்டை காயும். அதன் வெள்ளைத் தோலை உரிப்பதற்குள் நகக்கண் வலி கண்டுவிடும். குக்கர் இந்த வேலையை எடுத்துக்கொள்கிறது.

இருபது கொட்டையைக் கழுவி, தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து ஆவியை உடனே விடுங்கள். கொட்டை நுரைக்காது என்பதால் பயமில்லை. திறந்ததும் பார்த்தால் வெள்ளைத் தோல் வெடித்து, நுனியில் வாய் பிளந்து நிற்கும். விரலால் அழுத்தினால் கழன்று வரும். உள்ளே இருக்கும் பழுப்புத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கட்டும், சுவைக்கு அது நல்லதுதான். ஒவ்வொன்றையும் இரண்டாக நறுக்கி வையுங்கள்.

பாத்திரத்தைத் துடைத்துவிட்டு 'சாட்டே' போடுங்கள். 'ஹாட்' என்று திரையில் வந்த பிறகு நாலு கரண்டி நல்லெண்ணெய். தாளிப்பு வடகம் ஒரு உருண்டையை உதிர்த்துப் போட்டு, அது சிவந்து வாசம் எழும்பியதும் முழுச் சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடியானதும் தக்காளி ஒன்று, அது மசிந்ததும் குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி. தூள் போட்ட பிறகு அரை நிமிடத்துக்கு மேல் வதக்கக் கூடாது. இப்போது அரைக் கப் தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டியால் பாத்திரத்தின் அடியை முழுவதும் சுரண்டுங்கள். கரண்டி தட்டுத்தடங்கல் இல்லாமல் வழுக்கிப் போக வேண்டும்.

அப்புறம் கொட்டை, முருங்கைக்காய்த் துண்டுகள், எலுமிச்சை அளவு புளியின் கரைசல், உப்பு. மொத்தத் தண்ணீர் இரண்டு கப் இருந்தால் போதும். கொட்டை ஏற்கெனவே பாதிக்கு மேல் வெந்துவிட்டதால் இங்கே புளி தடையாக இருக்காது. மூடி ஒரே ஒரு நிமிடம் வையுங்கள், ஐந்து நிமிடம் கழித்து ஆவியை விடுங்கள். திறந்தால் குழம்பு தண்ணீராகத்தான் தெரியும். மறுபடி 'சாட்டே' போட்டு, ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை திறந்தே கொதிக்கவிடுங்கள். தேங்காய் அரைத்து ஊற்றுகிறவர்கள் இந்தக் கட்டத்தில் ஊற்றுங்கள். தேங்காய் விழுது, தேங்காய்ப்பால், தயிர் மூன்றையும் அழுத்தத்தில் வைக்கக் கூடாது, திரிந்துபோகும்.

மற்றவை

வெண்பொங்கல்: பச்சரிசி ஒரு கப், வறுத்த பாசிப்பருப்பு அரை கப், தண்ணீர் ஆறு கப், பன்னிரண்டு நிமிடம். தானாக அடங்கட்டும். மிளகு, சீரகம், முந்திரியை நெய்யில் தாளித்துக் கடைசியில்.

கொண்டைக்கடலை: இரவு முழுக்க ஊறிய வெள்ளைக் கடலைக்கு இருபது நிமிடம், கறுப்புக்கு முப்பது. ராஜ்மாவையும் ஊறவைத்து இருபத்தைந்து நிமிடம். ராஜ்மாவை மட்டும் 'ஸ்லோ குக்' முறையில் ஒருபோதும் செய்யாதீர்கள். அதில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப்பொருள் நல்ல கொதிநிலையில்தான் அழியும். குறைந்த சூட்டில் வெந்த ராஜ்மா கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும்.

ஆட்டுக்கறி: அரைக் கிலோவுக்கு இருபத்தைந்து நிமிடம், முற்றல் என்றால் முப்பது. கறியே தண்ணீர் விடும் என்பதால் மேலே குறைந்தபட்சத் தண்ணீர் மட்டும் இருந்தால் போதும். அதற்கும் குறைத்தால் அடிபிடிக்கும். கோழிக்கு ஏழு நிமிடம்.

மல்லாட்டை: வயலிலிருந்து பிடுங்கி வந்த பச்சை மல்லாட்டையை நாலைந்து தண்ணீரில் மண் போக அலசுங்கள். அரைக் கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு. மிதக்கும் என்பதால் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து இருபத்தைந்து நிமிடம். தானாக அடங்கிய பிறகும் அரை மணி அந்த உப்புத்தண்ணீரிலேயே கிடக்கட்டும். அப்போதுதான் பருப்புக்குள் உப்பு இறங்கும். காய்ந்த மல்லாட்டை என்றால் இரவு ஊறவைத்து நாற்பது நிமிடம்.

இட்லி: தட்டு உள்ளே நுழையும் அளவு என்றால் செய்யலாம். ஒன்றரை கப் தண்ணீர் கொதித்த பிறகு தட்டை இறக்கி, குமிழை 'வென்ட்' பக்கம் வைத்து 'ஸ்டீம்' போடுங்கள். அழுத்தம் ஏறாததால் பல குக்கர்களில் திரையில் நிமிடம் ஓடாது. போனில் பன்னிரண்டு நிமிட அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மீன்குழம்பு வேண்டாம். வஞ்சிரமும் சங்கராவும் கொதிக்கும் குழம்பில் ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும், அழுத்தத்தில் நார்நாராகிவிடும். மண்சட்டி இருக்கும்போது இதற்கென்று குக்கரை எடுக்கத் தேவையே இல்லை. கேழ்வரகுக் கூழும் களியும்கூட இதற்கு ஏற்றவை அல்ல. கெட்டியான மாவு அடியில் ஒட்டினால் சென்சார் குக்கரை நிறுத்திவிடும்.

'பர்ன்' என்று வந்தால்

அடிப்பாத்திரம் அளவுக்கு மீறிச் சுடும்போது குக்கர் தன்னைக் காத்துக்கொள்ளும் அறிவிப்பு அது. பயப்பட ஒன்றுமில்லை. 'கேன்சல்' அழுத்தி, ஆவியை விட்டுத் திறந்து, அடியைச் சுரண்டி, அரைக் கப் தண்ணீர் சேர்த்து மறுபடி வையுங்கள். நன்றாகவே தீய்ந்திருந்தால் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வராமல் தடுப்பதற்கு, வதக்கியதும் தண்ணீர் ஊற்றி அடியைச் சுரண்டும் வேலையை ஒருநாளும் தவறவிடாதீர்கள். தக்காளி விழுது, மசாலா விழுது போன்ற கெட்டிப் பொருளைக் கடைசியாக மேலே போட்டு, கிளறாமல் மூடுங்கள்.

கரண்ட் போனால்

அழுத்தத்தில் இருக்கும்போது மின்சாரம் நின்றால் ஆபத்து எதுவும் இல்லை. மூடி பூட்டியே இருக்கும், அழுத்தம் மெல்ல இறங்கும், உள்ளே இருப்பது தொடர்ந்து வேகும். பாதி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தால் இருபது நிமிடம் தொடாமல் விடுங்கள், சாதம் அனேகமாகப் பதமாக இருக்கும். இல்லையென்றால் மின்சாரம் வந்த பிறகு மிச்ச நிமிடத்தை வைக்கலாம். சில குக்கர்கள் விட்ட இடத்திலிருந்து தானே தொடரும், சில தொடராது. அதனால் திரையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் சூடு ஆறிப்போன கறியையும் பருப்பையும் நம் ஊர் வெக்கையில் நம்ப வேண்டாம். அதே காரணத்தால், இரவே எல்லாவற்றையும் போட்டு விடியலில் தானே தொடங்கும்படி வைக்கிற வசதியைக் கறிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் இதை ஓட்ட முடியாது. விளக்கு, மின்விசிறிக்காக வைக்கிற 600, 900 வி.ஏ. இன்வெர்ட்டர் 1000 வாட் சுமையைத் தாங்காது. 2011 டிசம்பர் 30-ல் 'தானே', 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' என்று புயல்கள் கரையேறுகிற கடற்கரை நம்முடையது. ஆகவே குக்கர் எவ்வளவு கைக்குப் பழகினாலும் கேஸ் அடுப்பையும் பழைய விசில் குக்கரையும் வீட்டில் வைத்திருங்கள்.

மின்கட்டணம் பற்றியும் கேட்கிறார்கள். 1000 வாட் ஹீட்டர் கால் மணி நேரம் முழுதாக எரிந்தால் கால் யூனிட். அழுத்தம் ஏறியபின் விட்டுவிட்டுத்தான் எரியும். ஒருவேளைச் சாதமும் பருப்பும் அரை யூனிட்டைத் தாண்டுவது அரிது.

சுத்தம்

கேஸ்கட் வாசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கறி செய்த வளையத்தோடு சர்க்கரைப் பொங்கல் செய்தால் பொங்கலில் பட்டை, கிராம்பு வாசம் அடிக்கும். இரண்டு கேஸ்கட் வாங்கி, ஒன்றைக் கறி, பிரியாணிக்கும் மற்றதைச் சாதம், பருப்பு, இனிப்புக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வருடத்துக்குள் மாற்றிவிடுவது நல்லது. வெடிப்போ தளர்வோ தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

பருப்பு செய்த நாளெல்லாம் மூடியின் உட்பக்கம் இருக்கும் சின்ன உலோகத் தொப்பியைக் கழற்றிக் கழுவுங்கள். அதில் ஒட்டிய பருப்புத் தோல் காய்ந்தால் ஆவி வழி அடைபடும். ஊசியையும் விரலால் தட்டி, தடங்கலின்றி ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பின்பக்கம் தண்ணீர் சேரும் சின்னக் கிண்ணத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். பாத்திரத்தின் உள்ளே வானவில் நிறத்தில் கறை தெரிந்தால் எலுமிச்சை மூடியால் தேய்த்தால் போய்விடும். வெளி உடலைத் தண்ணீரில் முக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று உலோகத்தைச் சீக்கிரம் அரிக்கும். அதனால் ஈரம் போகத் துடைத்து, மூடியை இறுக்கிப் பூட்டாமல் பாத்திரத்தின் மேலேயே கவிழ்த்து வையுங்கள். காற்றோட்டம் இருந்தால் கேஸ்கட்டின் வாசமும் குறையும்.